முட்டுக் கழற்றிய நாளின் படம்

அமலன் அண்ணா, முல்லைத்தீவில் நீ ஓடு ஒட்டி வளைத்துக் கட்டிய கூரைக்குக் கீழே, மாதா கோயிலுக்குள் நிற்கிறேன். நீ செத்தபிறகு வீட்டில் இருப்பது அடையாள அட்டையில் முறைக்கிற உன் முகம் மட்டும்தான். வேறு படம் தேடித்தான் பஸ் ஏறி வந்தேன்.

கோயிலைப் பராமரிக்கிற றீற்றா அக்கா, உன் கொம்பனி கொடுத்த வேலைப் படங்களை அலுமாரியிலிருந்து எடுத்துத் தருகிறா.

"கூரைக்குக் குடுத்த முட்டுக் கழட்டேக்க அது விழுமெண்டு எல்லாரும் வெளிய ஓடிட்டம். உங்கட அண்ணா நடுவில போய் நிண்டு, ஃபாதரையும் வாங்கோ எண்டு கூப்பிட்டவர்."

"ஃபாதர் போனவரோ?"

"அவர்தான் முதல் ஓடினவர்."

அன்றைய படத்தில் நீ தனியாக நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். அதை என் போனில் எடுக்கிறேன். அம்மாவுக்கு இது போதும்.

இதை வாசிக்கிற நீங்கள் எல்லாரும் எங்கள் அமலன் அண்ணாவுக்காக ஒருக்கால் மன்றாடுங்கோ.