ரோட்டோரத்துக் கடுகு

எனக்கு ஒரு இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. கடுகு போட்ட அந்தப் பருவத்தில் அது இன்னும் மோசம். நான் சமைக்கிற கம்பெனி கேன்டீனில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும், என் மனசு எளாவூர்ப் பக்கம் எங்கள் நிலத்துக்கு ஓடிப்போயிருக்கும்.

நிலம் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. நெல்லுக்குத் தண்ணீர் போதவில்லை, லாரி நிறுத்துகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்று என் மச்சாண்டார் பிடிவாதமாக இருந்தார். நான் சண்டை போட்டு ஒரே ஒரு போகம் கேட்டு வாங்கினேன். கேன்டீனில் சாப்பிடும் வடக்கத்தித் தொழிலாளர்கள் நல்ல கடுகெண்ணெய்க்காகப் புதுவாயல் கடைகளில் அலைகிறார்கள். கடுகு தண்ணீரும் அதிகம் கேட்காது. எண்ணெய் நன்றாக வந்தால் நிலம் எனக்கு, வராவிட்டால் விற்றுவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். ஊரே சிரித்தது. தாளிக்கிற சாமானைப் போய்ப் பயிர் வைக்கிறாளாம்!

வேளாண்மை ஆபீஸ் மேடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். விதைக்கும்போது கொஞ்சம் யூரியா, மொட்டு வருவதற்கு முன்னால் கொஞ்சம், அதோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். "தழைச்சத்து இல்லேன்னா செடி எழும்பாது. ஆனா பூ எடுக்கற நேரத்துல கொட்டினீங்கன்னா வெறும் இலையாத்தான் போகும், விதையில எண்ணெய் குறையும்" என்றார். ஜிப்சமும் போடச் சொன்னார். சொன்னபடியே செய்தேன்.

பூ எடுத்ததும் அடி இலைகள் பழுத்தன. கடுகுக்கு அது இயல்பு. ஆனால் நெல் போட்டே பழகியவர்களுக்கு இலை வெளுத்தால் கை அரிக்கும், யூரியாவை வீசினால்தான் சோறு இறங்கும். ரோட்டில் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள்.

"இன்னாம்மா, பயிருக்குக் காமாலை வந்தாப்ல கீது? யூரியா வாங்கக்கூட டப்பு இல்லியா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கணவரால் அது முடியவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவர், நான் கேன்டீனுக்குக் கிளம்பிய பிறகு, போன நெல்லுக்கு வாங்கி மிச்சமிருந்த யூரியாவைக் கொண்டுபோய் வீசிவிட்டார். தண்ணீரும் பாய்ச்சிவிட்டார். அதுவும் எங்கே? ரோட்டைப் பார்த்த முன்பாதியில் மட்டும். உள்ளே இருக்கிற பாதியை யார் பார்க்கப் போகிறார்கள்!

சாயங்காலம் பெருமையாக வேறு சொன்னார். "ரோட்டுப் பக்கம் நல்லா உட்டுக்கீறேன். இனிமே எவனும் வாயத் தொறக்கமாட்டான், பாரு."

"யோவ், உனக்கு புத்திகித்தி கெட்டுப்போச்சா? அந்தம்மா அவ்ளோ சொல்லிச்சே!"

"எனக்கு பேஜாராக்கீதுடி. எம் பொண்டாட்டியப் பாத்து சிரிக்கறானுங்க. நான் வேடிக்க பாத்துக்கினு நிக்கணுமா?"

அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? எனக்காகத்தான் செய்திருக்கிறது அந்தப் பாவி மனுஷன். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு போடும்போது கரண்டி சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

சில நாளில் முன்பாதி கருகருவென்று பச்சை கட்டி, புதுசு புதுசாக இலைவிட்டு உயர்ந்தது. கேலி பேசினவர்களே பாராட்டினார்கள். நான் மட்டும் தினமும் விடிந்ததும் ஓடிப்போய்ச் செடிகளைத் திருப்பிப் பார்ப்பேன். காய்களை விட இலையே அதிகம். அசுவினிப் பூச்சி தண்டு முழுக்க அப்பியிருந்தது. பிறகு பருவம் தப்பி ஒரு மழைக்காற்று அடித்தது, முன்பாதி மொத்தமும் பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. உள்பாதி குட்டையாக, வெளுத்துப்போய், நிமிர்ந்து நின்றது. அதில் காயெல்லாம் முற்றியிருந்தன.

அறுத்து, இரண்டு பாதியையும் தனித்தனியாகவே செக்குக்குக் கொண்டுபோனோம். மச்சாண்டாரும் வந்தார். உள்பாதி விதையில் எண்ணெய் கமகமவென்று இறங்கியது. முன்பாதி விதை கொஞ்சம்தான், அதுவும் சூம்பல். பிண்ணாக்குத்தான் மிச்சம்.

மச்சாண்டார் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். நியாயமான மனிதர். "ஜெயிச்சிட்டம்மா. உள்ள கீற நெலத்த நீயே வச்சிக்கோ. ரோட்டு மேல கீறது தேறல. அத்த குடுத்துடலாம்."

"மாமா, அது நெலத்தோட கொற இல்ல, மாமா" என்றேன். யார் செய்த காரியம் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் கணவரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "நான்தாண்ணே யூரியா போட்டேன். இவ வேணாம்னுதான் சொன்னா. பாதிக்கு மட்டும் போட்டேன்."

மச்சாண்டார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமே இல்லை, பரிதாபம்தான்.

"உரம் போட்டும் வெளையலன்னா, அது இன்னா நெலம்டா?"

எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன், அவருக்கு ஏறவில்லை. முன்பாதிக்குக் கையெழுத்துப் போட்டோம். இப்போது அங்கே வரிசையாக லாரிகள் நிற்கின்றன. என் கடுகைப் பார்க்கப் போக வேண்டுமென்றால், டிரைவர்களிடம் வழி விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.