முதல் எண்காரர்

ஊரில் யார் எப்போது கதவைத் திறக்கிறார்கள், எப்போது பூட்டுகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் அவள். அலாரம் கண்காணிப்பு மையத்தில் ஏழாம் மேசை. கூட வேலை செய்கிறவர்களுக்கு 'ஏழாம் மேசை அக்கா'. பஸ் ஓட்டும் அவள் கணவர் வேறு மாதிரி சொல்வார்: "ஊர்ப் பூட்டெல்லாம் உன் கையில. நம்ம வீட்டுச் சாவி மட்டும் எங்க வச்சேன்னு உனக்கே தெரியாது." அதில் பொய் ஒன்றும் இல்லை.

மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை. எங்காவது அலாரம் அடித்தால் திரையில் தெரியும். உடனே அங்கே போன் போட வேண்டும். எடுக்கிறவர் பெயரையும் ரகசியச் சொல்லையும் சொன்னால் சரி, இல்லாவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும். பத்துக்கு ஒன்பது பூனை, காற்று, மறதி. அந்த ரகசியச் சொல்லில்தான் மனிதர்கள் வசமாக மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் மாமியாருக்கு வைத்த பட்டப்பெயரையே கொடுத்திருந்தார். மாமியார் வந்திருக்கும் நாளில் அலாரம் அடித்துவிட்டால் பாவம், குளியலறைக்குள் போய்க் கிசுகிசுப்பார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் சொல் 'குறுக்கெழுத்து'. தினமும் காலை எட்டு ஐம்பதுக்கு அவர் கடையைத் திறந்து சுவர்ப் பெட்டியில் தன் எண்ணை அழுத்துவார். அவள் திரையில் 'முதல் எண்' என்று ஒரு வரி ஓடும். கடையில் ஆளுக்கு ஓர் எண்: முதல் எண் அவர், மூன்றாம் எண் அவர் மனைவி. ஐந்து வருஷத்தில் அவரோடு பேசியது மூன்றே தடவை. அதில் ஒரு தடவை, நாள் முழுக்கத் திரையையே பார்க்கிற கண்ணுக்கு நடுநடுவே ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது காட்டச் சொன்னார், இவள் கேட்காமலே. செய்து பார்த்தாள். தலைவலி பாதியாகக் குறைந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு வரி வந்தால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

ஒரு திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு மூன்றாம் எண் வந்தது. செவ்வாயும் மூன்று. அந்த வாரம் முழுக்க மூன்று. கடை திறந்துவிட்டது, குற்றம் குறை இல்லை, போன் போட விதியில் இடமில்லை. வீட்டில் சொன்னபோது கணவர், கண்ணாடிக்காரர் நமக்கு மாமனா மச்சானா என்று கேட்டார். இரண்டும் இல்லைதான். ஆனாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் கடையின் பேட்டரி பலவீனம் என்று திரை சொன்னது. அதற்குப் பேசலாம். பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட்டு, சார் நல்லா இருக்காரா என்று கேட்டேவிட்டாள்.  பக்கவாதம் என்றார் அவர் மனைவி. வலது கை, நாக்கு இரண்டும் போயிற்று, வீட்டில்தான் இருக்கிறார், எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பேசப் பழகுகிறார், எண் வைத்திருக்கிறவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார்.

"எடுக்க வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றாள் இவள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் மூன்றாம் எண்தான். பிறகு ஒரு புதன்கிழமை, ஒன்பதே கால் தாண்டியும் கடை திறக்கவில்லை; காலை பத்தரைக்கு அங்கே அலாரம் அடித்தது. போன் போட்டாள். யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

பெயர் கேட்டாள். பெயர் வந்தது, ஒவ்வொரு எழுத்தாக. அவரேதான். இடது கையால் தடவித் தடவி எண்ணை அழுத்துவதற்குள், கதவு திறந்ததும் பெட்டி கொடுக்கிற நேரம் தீர்ந்து அலாரம் அடித்திருக்கிறது.  ரகசியச் சொல்லைக் கேட்டாள்.

"கு... கு..."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "குடுங்க, நான் சொல்லிடறேன்."

"நா...னே," என்றார் அவர்.

மனைவியும் பட்டியலில் இருக்கிறவர். அவர் சொன்னால் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், விதிப்படியும் சரி. ஏழாம் மேசை அக்கா போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட குடுக்காதீங்க சார். நீங்களே சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல."

அவசரம் இருந்தது. ஒரு நிமிஷம் தாண்டியதும் திரை சிவந்தது. சிவந்தால் மேற்பார்வையாளருக்குத் தெரியும். அவர் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, போலீசுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். அவள் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். இந்த வேலைக்கு வந்த பதினோரு வருஷத்தில் அவரிடம் அப்படிக் கை காட்டியதில்லை.

"குறு... குறுக்..." நின்றது. மூச்சு வாங்கியது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "குறுக்... கெ... ழுத்து."

"சரியா சொன்னீங்க சார்."

அவள் அலாரத்தை முடித்துவைத்தாள். சிவப்பு போயிற்று. அவர் போனை வைக்கவில்லை.

"இன்...னொரு தடவ... சொல்லட்டுமா?"

மேற்பார்வையாளர் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"சொல்லுங்க சார்," என்றாள்.