துரை என்ன சொன்னார்

என் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பால் வாளி இருக்கிறது. பசும்பாலுக்கான வாளி அல்ல, ரப்பர்ப் பாலுக்கானது. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. கை வலிக்காமலிருக்கப் பிடியில் சுற்றிய பழைய சைக்கிள் டியூப் இன்னும் விட்டுப்போகவில்லை. என் தாய்மாமன் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டி, பட்டையைச் சீவிப் பாலெடுத்தபோது சுமந்தது. நான் கேட்டு வாங்கியதில்லை. வந்த நாளிலிருந்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பிடித்ததும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு இருபத்தொரு வயது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்திருந்தேன். சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் முதுகுப் பையோடு வந்திறங்கும் வெள்ளைக்கார இளைஞர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. லங்காவித் தீவுக்குப் போய், ஆள் தேடும் பாய்மரப் படகு எதிலாவது தொற்றிக்கொண்டு தாய்லாந்து போக வேண்டும். தனியாக அனுப்ப அம்மா ஒப்பவில்லை. "ஒங்க மாமா கூட வந்தா போ. இல்லன்னா பேசாம வீட்ல கெட" என்றார். மாமா அந்த வருஷத்து லீவு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். முந்தின வருஷம் எல்லை தாண்டி ஹட்யாய் போக எடுத்த பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. பைதான் இல்லை. இரண்டு சட்டை, இரண்டு கைலி, ஒரு பொட்டலம் நெத்திலி எல்லாவற்றையும் பால் வாளியில் போட்டு மூடியிருந்தார். "நல்லா சோப்பு போட்டு கழுவிட்டேன் மாப்ள, வாட வராது" என்றார். வாடை வந்தது. கோலக் கெடாவிலிருந்து லங்காவி போகும் பயணிகள் படகில் நான் அவரைவிட்டு நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

லங்காவியின் கூவா படகுத்துறையில் மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். தனி ஆளாகப் படகு ஓட்டுபவர். தாய்லாந்தின் பூக்கெட் வரை பாய்க்கயிறு இழுக்க இரண்டு பேர் தேவை என்றார். என் ஆங்கிலம் அவருக்குப் பிடித்திருந்தது. மாமாவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். வெற்றிலைக்காவி ஏறிய பல், கையில் வாளி. இவர் என் மாமா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் சமையல்காரர் என்று சொன்னேன். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்று மத்தியானமே அவரைச் சமைக்கச் சொன்னார் படகுக்காரர். நெத்திலிச் சம்பல் வைக்கச் சொல்லி, தன்னை நம்பி அடுப்பைக் கொடுத்துவிட்டார் என்று மாமாவுக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் காலை நடுக்கடலில் காற்று வலுத்தது. மேலே நான் படகுக்காரரோடு உலகம் பேசிக்கொண்டிருந்தேன். மாமா படியில் பாதி ஏறி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "மாப்ள, பலகைக்குக் கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. தொரைகிட்ட சொல்லு."

"படகுன்னா தண்ணிச் சத்தம் கேக்கத்தான் செய்யும் மாமா. சும்மா இருங்கலா."

விடுமுறை நாள்களில் மெர்போக் ஆற்றில் சம்பான் என்னும் சின்னப் படகு ஓட்டி மீன் பிடிப்பவர் அவர். படகின் சத்தம் அவருக்குத் தெரியாததல்ல. அரை மணி கழித்து மறுபடி வந்தார். பிறகு இன்னொரு முறை. படகுக்காரர் மூன்றடி தூரத்தில்தான் இருந்தார். கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். மாமாவால் முடியாது. தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் தோட்டத்தை நடத்தும் துரையிடம் நேரே பேசுவதில்லை. வேலையை மேய்க்கும் தண்டலிடம் சொல்வார். தண்டல் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். அத்தனை வருஷப் பழக்கம் கடலுக்கு வந்ததும் போய்விடுமா? அந்தப் படகில் நான்தான் அவருக்குக் கிராணி. சமையல்காரர் பேச்சைத் துரையிடம் கொண்டுபோகக் கௌரவம் பார்த்த கிராணி.

மத்தியானம் படகு கனத்துப்போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழ மறுத்தது. கீழே பலகைகள் மிதந்தன. பம்பு இரண்டு நிமிஷம் ஓடி அடைத்துக்கொண்டது. படகுக்காரர் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் சாகப்போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. மாமா துணிகளைக் கொட்டிவிட்டு வாளியோடு கீழே இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மொண்டு மொண்டு மேலே நீட்டினார். நான் வாங்கிக் கடலில் ஊற்றினேன். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, அவர் கை நிற்கவே இல்லை. தண்ணீர் வற்றியதும் அடியில் கழன்றிருந்த குழாய் தெரிந்தது. படகுக்காரர் மாமாவின் கைலியைக் கிழித்து அதில் திணித்துக் கட்டினார். சாயங்காலத்துக்குள் தாய்லாந்தின் சாத்தூன் பக்கத்தில் ஒரு தீவோரம் நங்கூரம் போட்டோம்.

படகுக்காரருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. காலையிலேயே சத்தம் கேட்டிருக்குமே, கீழே இருந்தது யார் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சமையல்காரருக்குக் கேட்டது, ஆனால் சொல்லவில்லை என்றேன்.

படகுக்காரர் மாமா பக்கம் திரும்பிக் கத்தினார். முட்டாள் என்றார், உன்னால் மூன்று பேரும் செத்திருப்போம் என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். மாமா நனைந்த தலையோடு என்னைப் பார்த்தார். "தொரை என்ன சொல்றாரு மாப்ள?"

"ஒங்களுக்கு நன்றி சொல்றாரு மாமா."

மாமாவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தோல் ஊறி வெளுத்த இரண்டு கைகளையும் கூப்பி, "தேங்க்யூ தொரை, தேங்க்யூ" என்றார். கேலி செய்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, படகுக்காரர் காறித் துப்பிவிட்டு அப்பால் போனார். மறுநாள் எங்கள் இருவரையும் கரையில் இறக்கிவிட்டார். படகைப் பழுது பார்க்கிறார்கள் என்று மாமாவிடம் சொல்லி, அவரோடு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு எண்பதுகள் முழுவதும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதைதான். மாமா யாரிடமும் தன் பெருமையைப் பேசத் தெரியாதவர். இந்த ஒன்றை மட்டும் விடமாட்டார். "முப்பது வருசம் தோட்டத்துல ஒழைச்சேன், ஒரு தொரையும் ஒரு வார்த்த சொன்னதில்ல. நடுக்கடல்ல ஒருத்தன் சொன்னான். நம்பலன்னா மாப்ளய கேளுங்கலா!" எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் உள்ளுக்குள் கூசிப்போவேன். உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரைக் காப்பாற்றவா அப்படிச் செய்தேன்? என்னைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன வருஷம் மாமா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் மகள் இந்த வாளியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள்.

"அத்தான், இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அப்பா சொல்லிட்டுப் போனாரு. தொரை சொன்னத காதால கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தானாமே."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் சொன்னாரு அத்தான்?"

"நன்றி சொன்னாரும்மா" என்றேன்.