மஞ்சள் துணியில் முடிந்த காசு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதத் துணிந்ததற்குப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலவரக் காலத்தில் என் தம்பியைப் பொலிஸார் விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேண்டும் என்று மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துகொண்டு, நானும் அவன் மனைவியும் கண்டியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கப் புறப்பட்டோம். செருப்புப் போடக்கூடாது, வாகனம் ஏறக்கூடாது என்று நேர்த்தி.

இரண்டாம் நாள் தெல்தெனியவில் எனக்குக் கால் கொப்புளித்துவிட்டது.

"அண்ணி, மைல்கல்லெல்லாம் நமக்கு முந்தி கதிர்காமம் போயிரும் போல," என்று சிரித்தாள் அவள்.

அடுத்த மைல்கல்லருகே ஒரு சிங்களக் கடைக்காரர் ஓடிவந்து மறித்தார்.

"நங்கி, தங்கச்சி, போக வேணாம். முன்னுக்குத் தமிழாள் கடை பத்தி எரியுது."

"நேர்த்திங்க ஐயா. திரும்பக் கூடாது."

அவர் என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். சிங்களவர்களும் கதிர்காமத்துக்கு இப்படித்தான் காசு முடிவார்கள்.

"அத என்கிட்ட தாங்க. நானும் அந்தச் சாமி கும்பிடுற ஆள்தானே. கொண்டு போய்ப் போடுறேன்."

கொடுத்துவிட்டேன். அவரே எங்களைக் கண்டிக்குப் போகும் லொறியில் ஏற்றிவிட்டார்.

வழியெல்லாம் மனம் குழம்பியது. என் நேர்த்தியை இன்னொருவர் நிறைவேற்ற முடியுமா? நான் அதைக் காப்பாற்றினேனா, கைவிட்டேனா? அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை தம்பி வீட்டுக்கு வந்தான். காசு அப்போது அந்தக் கடையில்தான் இருந்திருக்கும்.