வளர்த்தவள் நான்

பக்டீரியாவை நான் வளர்ப்பேன், அவள் கொல்லுவாள். கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் ஒரே ஆய்வில் சேர்ந்த மாணவிகள் எங்கள் இருவருக்கும் வேலை அப்படித்தான் பிரிந்தது. பிரித்தவர் பேராசிரியர். சீட்டுக் குலுக்கியிருந்தாலாவது தலைவிதி என்று இருந்திருப்பேன்.

பால் கொண்டுபோகும் உருக்குக் கானின் உட்புறத்தில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு வழுவழுப்பு இருக்கும். பக்டீரியாக்கள் கூடிக் கட்டிக்கொள்ளும் படலம் அது. அதைக் குளிர் பிளாஸ்மாவால் நீக்கலாமா என்பதுதான் ஆய்வு. விசுவமடுவிலிருந்து பால் எடுப்பித்து, ஒரு பெட்டியில் ஊற்றி, சின்ன உருக்குத் துண்டுகளை அதில் ஊறப்போட்டு, நாள்தோறும் பால் மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமையும் முரசுமோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவேன். அந்தப் புளித்த நாற்றம் தலைமயிரை விட்டுப் போகாது.

அவள் வந்து கருவியைப் போடுவாள். அதன் நுனியில் வாயு மின்சாரம் பட்டு ஊதா நிறத்தில் ஒளிரும்; அதுதான் பிளாஸ்மா. விரலை நீட்டினாலும் சுடாது. சில நிமிடங்களில் என் ஒரு வாரப் பாடு முடிந்துவிடும். அந்தத் துண்டை வழித்து, பக்டீரியா முளைக்க ஊட்டம் போட்ட தட்டில் தடவினால் மறுநாள் ஒன்றுமே முளைத்திருக்காது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவளையும் அந்த ஒளியையும் படம் எடுத்தார்கள். என் பால் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னவர் ஒருவருமில்லை.

கொழும்பு மாநாட்டில் பேச எங்களில் ஒருத்திக்குத்தான் இடம். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை தட்டைத் திறந்தால், பிளாஸ்மா பட்ட துண்டிலிருந்து வழித்துத் தடவிய இடத்திலும் பக்டீரியா புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. அவள் முகம் தொங்கிப்போனது. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

"மெசினில பிழையோ?" என்றாள்.

"மெசின் நல்லாத்தான் இருக்கு. இந்தமுறை நான் வளத்தது நல்ல தடிப்பு," என்றேன்.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமை! தடிச்ச படலத்துக்குள்ள பிளாஸ்மா இறங்கேல்ல. இதைத்தான் சொல்லவேணும். நீரே போய்ப் பேசும், பிள்ளை," என்றார். அவளைப் பார்த்து.

பக்டீரியா செத்தாலும் அவளுக்குப் பெயர், செத்துப்போகாவிட்டாலும் அவளுக்கே பெயர்.

அவள் பேசிய அன்று நான் வழக்கம்போலப் பால் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள்தான். மேடையை விட்டு இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்களாம்.

"எடியே, இவ்வளவு தடிப்பாய் எப்பிடி வளத்தனீங்கள் எண்டு கேக்கினம். எனக்குத் தெரியேல்லையடி. கெதியாச் சொல்லு."

கையைத் துடைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக உட்கார்ந்தேன்.

"அவையிட்டப் போனைக் குடு," என்றேன். "நான் சொல்லுறன்."