கண்டாங்கிக் கைலியும் கடல் கடந்த நானும்

ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிறவனுக்குக் கால் தேய்வதைவிட, கடைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை தேய்வதுதான் அதிகம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியவர்களே, உங்களுக்குத் தெரியாததா! எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கைலி வியாபாரியிடம் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் வேலையில் இருந்தேன். சுற்றிய வரையில் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு ஊர்ச் சந்தைக்கும் ஒரு கிறுக்கு உண்டு. நம்ம ஊருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலாளிக்கு உதித்த யோசனை

எங்கள் முதலாளி தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு யோசனை வந்துவிட்டால் மட்டும் ஊரே நடுங்கும். கண்டாங்கிச் சேலை நம்ம சீமையில் சக்கைப்போடு போடுகிறதே, அந்தப் பெரிய கட்டத்தையும் மஞ்சளையும் அரக்கையும் ஆம்பளைக் கைலியில் போட்டால் என்ன என்று மூட்டை மூட்டையாக நெய்து இறக்கிவிட்டார். காரைக்குடியில் ஒரு ஆள் தொடவில்லை. "இதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்த் தள்ளிட்டு வா. இல்லாட்டி அங்குட்டே ஒரு வேலையப் பாத்துக்க" என்று என் தலையில் கட்டினார்.

எனக்கோ அப்போதுதான் திருப்பத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள். பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெண்ணின் அப்பா நெல் வியாபாரி, கறாரான ஆள். வேலை நிலையாக இருந்தால்தான் தையில் தாலி என்று சொல்லிவிட்டார். கைலி விற்காவிட்டால் வேலை போச்சு, வேலை போனால் பெண்ணும் போச்சு. அபிப்பிராயம் கேட்போமே என்று அவரிடமே ஒரு கைலியை நீட்டினேன். விரித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"தப்பா நெனைக்காதீக தம்பி. எம் பொஞ்சாதி சேலைய நான் சுத்திக்கிட்டு நிக்கிற மாதிரில்ல இருக்கு!"

கொழும்பில் கேட்ட மேளச் சத்தம்

முதலில் மாதிரிக்கு ஒரு பெட்டி கைலியோடு ராமேஸ்வரத்தில் கப்பலேறிக் கொழும்பு போனேன். அங்கே அப்போது எதை இறக்குமதி செய்யவும் பெர்மிட் வேண்டும். அலமாரி பாதி காலி, வாசலில் மட்டும் கூட்டம். துணி என்று வாயைத் திறந்ததுமே கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார். நம் வாழ்நாளில் எந்தக் கடையில் இப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்! கைலியைத் தடவிப் பார்த்து "அருமையான நூல்" என்றார். என் காதில் கல்யாண மேளமே கேட்டுவிட்டது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார்.

"பெர்மிட் இல்லாமல் இதை விக்க ஏலாது. நீங்கள் போட்டிருக்கிற சட்டை நல்லாயிருக்கு. வேணுமெண்டா அதைக் கழட்டித் தாங்கோ, இப்பவே வாங்கிறன்."

பினாங்குப் படக்கடை

ஊர் திரும்பி, அடுத்து மூட்டைகளோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பினாங்கில் கைலி என்றால் உயிர். விற்றுவிடலாம் என்று தெம்பாகப் போனேன். கடைக்காரப் பாய் நம்ம ராமநாதபுரத்துப் பக்கம், சாப்பாடு போட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். ஆனால் அங்கே யாரும் வந்து கைலி கேட்பதில்லை. 'நங்கூரம் குடு', 'ஒட்டகம் குடு' என்று முத்திரைப் படத்தைத்தான் கேட்கிறார்கள். என் கைலியில் ஒரு கோழிப்படம்கூட இல்லை. சாயம் போகாது, தண்ணீரில் போட்டுப் பாருங்கள் என்று தொண்டை வறளப் பேசினேன். பாய் என் தோளில் கை வைத்தார்.

"நீங்க சொல்றதெல்லாம் நெசந்தான் தம்பி. ஆனா துணிய எவன் பாக்குறான்? மேல என்ன குத்தியிருக்குன்னுதான் பாப்பான்."

பாங்காக்கில் போணி

மூட்டைகளைப் பாயிடம் விட்டுவிட்டு, மாதிரிக்கு நாலு கைலியோடு ரயிலேறிப் பாங்காக் போனேன். ஒரு நம்மூர்க்காரர் துணைக்கு வந்தார், அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியும். காலையில் முதல் ஆளாகப் போனால் கடைக்காரர் தெளிவாக இருப்பார் என்பது என் கணக்கு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போணி விஷயத்தில் அவர்கள் நமக்கு அண்ணன்கள்! முதலில் நுழைந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாதாம். நான் கைலியை விரிக்க, கடைக்கார அம்மா குடையை விரிக்க, கடைசியில் குடை என் கைக்கு வந்தது. அன்றைக்கு வியாபாரம் பெருகட்டும் என்று நான் கொடுத்த நோட்டால் கடையிலுள்ள சாமான் அத்தனையையும் தட்டித் தட்டி வைத்தார், என் கைலியைத் தவிர. வாசல் வரை வந்து அவர் சொன்னதைக் கூட வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"நாளைக்கும் விக்க வாங்க. உங்க கை ராசியான கை."

சுங்க அதிகாரியின் சந்தேகம்

பினாங்குக்குத் திரும்பிப் பாயிடம் மூட்டைகளை வாங்கிக்கொண்டு, குடையும் மூட்டைகளுமாக நாகப்பட்டினத்தில் இறங்கினேன். கப்பலில் வரும்போது ஒரு நாள் அழுகையே வந்துவிட்டது, மறைப்பானேன். சுங்க அதிகாரி மூட்டையைக் கத்தியால் கிழித்து, இந்த வெளிநாட்டுக் கைலியெல்லாம் எங்கே வாங்கியது என்று பிடித்துக்கொண்டார். வெளிநாடும் இல்லை, ஒன்றும் இல்லை, காரைக்குடியில் நெய்தது என்று போகும்போது இதே சுங்கத்தில் வாங்கிய ரசீதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், பினாங்கு முத்திரை ஏற்கெனவே இருந்த சாக்கில் தன் முத்திரையையும் நாலு பக்கமும் குத்தி அனுப்பினார்.

"காரைக்குடிக் கைலியப் பினாங்கு வரைக்கும் தூக்கிட்டுப்போய்த் திரும்பக் கொண்டுவர்ற கிறுக்கன் எவன்யா இருக்கான்?"

கடை வாசலில் கூட்டம்

வண்டியிலிருந்து மூட்டைகளைக் கடை வாசலில் இறக்கினேன். முதலாளி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கணக்கை முடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாகப் போன ஒரு ஆச்சி சாக்கில் இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு நின்றார். கப்பல் சரக்கா என்றார். அடுத்த நிமிடம் தெருவே திரண்டுவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. இது நம்ம தறியில் நெய்தது என்று கத்திக்கத்திச் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆளுக்கு நாலாக அள்ளினார்கள். ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம் கண்ணடித்துச் சொன்னார்.

"போலீசுக்குப் பயந்துக்கிட்டு அப்புடிச் சொல்றாக. நீ வாங்குடி."

மறுவீட்டுக் காலை

பொழுது சாய்வதற்குள் மூட்டை காலி. வேலை தப்பியது, தையில் கல்யாணமும் ஜாம்ஜாம் என்று நடந்தது. மறுவீட்டுக்குத் திருப்பத்தூர் போன காலையில் மாமனார் காபியோடு கூடத்துக்கு வந்தார். இடுப்பில் மஞ்சளும் அரக்குமாக அதே கட்டம்! காரைக்குடியில் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டாள். மாமனார் கைலியை வாஞ்சையாகத் தடவிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் பினாங்குக்காரன் பினாங்குக்காரன்தான் மாப்ளே. போன வருசம் நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு நெய்து எங்கிட்டக் காட்டுனீகளே, கண்ணால பாக்க முடிஞ்சதா?"

இத்தனை ஊர்ச் சந்தையைச் சுற்றி நான் கற்றது இவ்வளவுதான்: நம்ம சீமையில் விலைபோக வேண்டுமென்றால் கைலியானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி, ஒரு தடவை கப்பலேறி இறங்கிவிட வேண்டும்.