பிடித்திருந்த கை

எல்லோரும் அவரை 'உடைப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். கான்கிரீட் சாலையில் இரண்டு பாளங்கள் சேரும் இடத்தில் விளிம்பு நொறுங்கிப் பள்ளமாகிவிட்டால், சுற்றிலும் கட்டமாக அறுத்துக் கொடுப்பார்கள். கெட்டுப்போன கான்கிரீட்டைப் பிரேக்கர் இயந்திரத்தால் பெயர்த்தெடுப்பது அவர் வேலை. பிறகு காற்றடித்துத் தூசியைப் போக்கி, இணைப்பில் ஃபோம் பட்டை செருகிப் புதுக் கலவை போடுவார்கள். பட்டையை மறந்தால் வெயிலில் பாளங்கள் விரிந்து ஒன்றையொன்று நெருக்கும். மறுபடியும் உடைப்பு அண்ணன்தான் வரவேண்டும்.

"ஊர் ரோட்டையெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வாசப்படி மட்டும் பல்லு போன வாயா இளிக்குது" என்பாள் மனைவி.

"டெண்டர் விடு, வர்றேன்."

வருஷக்கணக்கான அதிர்வு அவர் கைகளுக்குள் குடியேறிவிட்டது. முதலில் குளிர்நாட்களில் விரல்நுனிகள் வெளுத்தன. அப்புறம் உள்ளங்கை வரை மரத்துப்போனது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். ஒருநாள் கொதிக்கிற டம்ளரை அவர் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பதறிப்போய்ப் பிடுங்கினாள்.

"அந்த மெஷினை விட்டுத் தொலைங்களேன்."

"விட்டுட்டு? வேற என்ன தெரியும் எனக்கு?"

சிறுநீரகம் கெட்டு அவள் படுக்கையில் விழுந்தபோதுதான் அவர் விடுப்பு எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், "கையைப் பிடிச்சுக்குங்க, கொஞ்சம் தூங்கறேன்" என்றாள். பிடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, பாலத்தடியில் தோண்டத் தோண்ட உதிர்ந்துகொண்டே வந்த ஒரு பாளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் 'உம்' கொட்டுவது நின்றதும், தூங்கிவிட்டாள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

டீ வாங்கப்போன மகள் திரும்பிவந்து, அம்மாவின் கையைத் தொட்டாள்.

"அப்பா... அம்மா கை ஜில்லுன்னு இருக்குப்பா."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். நர்ஸிடமும் அதையே சொன்னார். துக்கத்துக்கு வந்த மைத்துனரிடமும்.

மீண்டும் வேலைக்குப் போனபோது பிரேக்கரைத் தொடவில்லை. மேஸ்திரி சிவப்புக் கொடியைக் கொடுத்து வண்டிகளை நிறுத்தச் சொன்னார். கொடியோடு நாள் முழுக்க நின்றார்.

மகள் பார்க்க வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, கடைசியா அவ என் கையை இறுக்கிப் பிடிச்சிருப்பாளோ?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.